மூன்றாவது ஹொட்டல்

நடுவில் ஒரு நாள் பார்க்குக்குப் போகாமல் இருப்போம் என்று சொன்னது பாமாதான். கிங்ஸ்பரியில் ஒரு குழந்தைகள் நேர்சரிக்கு மனேஜராக இருப்பவள் அவள். பிள்ளைகளின் களைப்பைப் பற்றி அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. சனிக்கிழமை மெரிமியர் பார்க், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, திங்கட்கிழமை மறுபடியும் பார்க், பிறகு வீடு. லண்டனின் மேற்கு விளிம்பில், ஹீத்ரோவில் இறங்குகிற பிளேன்கள் தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகிற இடத்தில் இருந்தது அந்தப் பார்க்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறைக்குள்ளயே இருக்கிறதோ?" என்று மகள் யதுஷா கேட்டாள். பத்து வயது. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளையில்லை. அன்றிரவே போனில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். யாரோ ஒரு குடும்பம் பார்க் இல்லாத நாளில் அங்குள்ள மூன்று ஹொட்டல்களையும் சுற்றிப் பார்க்கிறது. முதலாவது இவர்கள் தங்கியிருந்த ட்ரீஹவுஸ். இரண்டாவது லகூன், அங்கே சுவர் முழுக்க மீன்தொட்டி. மூன்றாவது கெப்டன்ஸ். அதன் லொபிக்குள் உண்மையான கப்பல் அளவுக்கு ஒரு கடற்கொள்ளையர் கப்பல் நின்றது. கயிற்று வலையில் ஏறி மேல்தளத்துக்குப் போகலாம், அங்கிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கலாம். கட்டணம் எதுவும் இல்லை.

அவள் தம்பி, ஆறு வயதுக் கீர்த்தன், அந்தக் கப்பலைப் பார்த்த நேரத்திலிருந்து வேறு எதையும் பேசவில்லை. வீடியோ எந்த வருஷம் எடுத்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாமாவின் கணவன் சஞ்சயனால் அவர்களோடு வர முடியவில்லை. முதல்நாள் பிள்ளைகளோடு போட்டி போட்டு ஊஞ்சல் ரைடில் ஏறி, இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய மனிதன். "நீங்கள் போட்டு வாங்கோ. நான் இப்பிடியே நிமிந்து படுக்கிறன்," என்றான். அவன் முகத்தில் வலியைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

லகூன் ஹொட்டல் நல்லாகத்தான் இருந்தது. ஷட்டில் பஸ் வாசலிலேயே இறக்கிவிட்டது. மீன்தொட்டிக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். பாமா ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு யாருடைய பிள்ளைக்கும் பொறுப்பில்லாதவள் போல ஒரு சோபாவில் சாய்ந்தாள். அந்தக் கோப்பி முடியும்வரைதான் அந்த நாள் அவளுடையதாக இருந்தது.

வரவேற்பு மேசையில் நின்ற இளம் பெண்ணிடம் கெப்டன்ஸுக்கு எந்தப் பஸ் என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அது இப்போது எங்களுடையது இல்லை," என்றாள்.

"கப்பல் இருக்கிறதுதானே?"

"எனக்குத் தெரியாது." அவள் கணினித் திரையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் என்றால் இன்றைக்கு அந்தப் பக்கம் போகமாட்டேன்," என்றாள்.

ஏன் என்று கேட்பதற்குள் பின்னால் ஒரு குடும்பம் பெட்டிகளோடு வந்து நின்றுவிட்டது. கீர்த்தனின் உதடு பிதுங்கத் தொடங்கியது. றவுண்டபவுட் சந்தியைத் தாண்டினால் நடந்துபோகிற தூரம்தான் என்று போனில் இருந்த மேப் காட்டியது. ஹொட்டலை வேறு யாரும் வாங்கியிருப்பார்கள், ரோட்டு வேலை ஏதாவது நடக்கும், அவ்வளவுதான் என்று பாமா எண்ணிக்கொண்டாள். சின்னப் பிள்ளைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நேர்சரியில் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் அவள்.

ரோட்டில் வேலை எதுவும் நடக்கவில்லை. விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும், வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட, புது இங்கிலாந்துக் கொடி கட்டியிருந்தது. பிளாஸ்டிக் நாடாவின் மிச்சங்கள் நடைபாதையில் கிடந்தன. றவுண்டபவுட்டின் வெள்ளை வட்டத்தின் மேல் யாரோ சிவப்புப் பெயின்றால் அதே சிலுவைக் கோடு இழுத்திருந்தார்கள். பக்கத்திலிருந்த புல்வெளியில் ஒரு வெள்ளை வான் நின்றது. மடக்குக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். முகத்தில் பெயின்ற் பூசிய இரண்டு சிறுமிகள் துள்ளிக்கொண்டு திரிந்தார்கள்.

"அம்மா, கார்னிவலோ?" என்று கீர்த்தன் கேட்டான்.

"மட்ச் ஏதாவது இருக்கும்," என்றாள் பாமா. ஆனால் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நரைத்த தாடியும் தொப்பியுமாக ஒரு மனிதன் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தான். போன் அவர்களை நோக்கி நிமிர்ந்திருந்தது. அவன் அவர்களோடு பேசவில்லை, போனோடு பேசினான். "இதோ, இன்னும் மூன்று பேர்," என்று ஆங்கிலத்தில் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. என்ன மூன்று பேர் என்று விளங்காமலே அவள் தலையைக் குனிந்துகொண்டு அவனைக் கடந்து வேகமாக நடந்தாள். திரும்பிப் போக வேண்டும் என்றால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஹொட்டலின் பெயர்ப் பலகையைக் கழற்றியிருந்தார்கள். எழுத்துக்கள் இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுத்துப்போய்த் தெரிந்தது. எல்லா யன்னல்களிலும் திரை இழுத்திருந்தது. வாசலைச் சுற்றி இரும்பு வேலி. வேலிக்குள் மஞ்சள் ஜக்கற்றோடு நின்ற காவல்காரர் "ஐடி கார்ட்?" என்று கேட்டார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு பாமாவின் தோளுக்கு மேலாக றவுண்டபவுட் பக்கம் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தமிழோ? உள்ளுக்கு வாங்கோ. கெதியா."

"இல்லை அண்ணை, நாங்கள் சும்மா கப்பலைப் பாக்க…"

"பாக்கலாம். முதல் உள்ளுக்கு வாங்கோ."

அவள் திரும்பிப் பார்த்தாள். கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வான்கள் வந்திருந்தன. ரோட்டை அடைத்துக்கொண்டு ஆட்கள் இந்தப் பக்கமாக, அவசரமே இல்லாமல், நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்த அவசரமின்மைதான் அவளை உள்ளே தள்ளியது.

கப்பல் இருந்தது. பாய்மரம், சுக்கான், பிளாஸ்டிக் பீரங்கி எல்லாம் வீடியோவில் கண்டபடியே. ஆனால் அதன் ஓரமாகப் பிள்ளை வண்டில்கள் வரிசையாக நின்றன. கயிற்று வலையில் சின்னச் சட்டைகள் காயப்போட்டிருந்தன. சுவரில் பல மொழிகளில் அறிவித்தல்கள் இருந்தன, தமிழிலும் ஒன்று. உணவு நேரம், உடுப்புத் தோய்க்கும் நேரம், வெளியே போனால் கையெழுத்து வைக்கவும். அதை வாசித்த பிறகுதான் பாமாவுக்கு உறைத்தது. செய்தியில் தினமும் பேசப்படுகிற அந்த ஹொட்டல்களில் ஒன்றுக்குள் அவள் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தஞ்சம் கேட்டு வந்தவர்களை வைத்திருக்கிற இடம்.

கீர்த்தனுக்கு அதெல்லாம் தெரியாது. அவன் வலையில் பாதி ஏறிவிட்டான். மேல்தளத்தில் அவன் வயதுச் சிறுமி ஒருத்தி நின்று, "அதில கால் வையாதை, அந்தக் கயிறு அறுந்தது," என்று தமிழில் சொல்லிக் கை கொடுத்தாள். யதுஷாவும் ஏறினாள்.

"அக்கா புதுசோ? எந்த றூம் தந்தவை?"

கப்பலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள். முப்பது வயது வராது.

"நாங்கள் இஞ்ச இல்லை," என்றாள் பாமா. தேவைக்கு அதிகமான வேகத்தில் அது வந்துவிட்டது.

அந்தப் பெண் அதைப் பிழையாக எடுக்கவில்லை. தன் பெயர் பிரசாந்தினி என்றாள். கிளிநொச்சிப் பக்கம். மேலே நிற்கிறது மகள் நிலானி. இங்கே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. "போன கிழமை எங்களை வெளியேத்தச் சொல்லிக் கொஞ்சப் பேர்தான் வந்தவை. முந்தநாள் கனபேர். தள்ளுமுள்ளுப்பட்டு, குப்பைத் தொட்டிக்கு நெருப்பு வைச்சவை. இண்டைக்கு எப்பிடியெண்டு தெரியேல்லை அக்கா." மழை வருமா என்று பேசுவது போலத்தான் பேசினாள். கை மட்டும் மடித்த சட்டையையே மறுபடியும் விரித்து மடித்தது.

வெளியே மேளம் கேட்கத் தொடங்கியது. பிறகு குரல்கள், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப. என்ன சொல் என்று சுவருக்கூடாக விளங்கவில்லை.

காவல்காரர் உள்ளே வந்து கதவைப் பூட்டினார். அவர் பெயர் செபமாலைமுத்து, மன்னார்க்காரர் என்று பிறகு தெரிந்தது. "எல்லாரும் சாப்பாட்டு மண்டபத்துக்கு," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொல்லி முடிக்க முன்பே லொபியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஓர் ஆப்பிரிக்கப் பெண் யன்னல் திரைகளைச் சரிபார்த்துக்கொண்டு போனாள். இரண்டு இளைஞர்கள் வண்டில்களைத் தள்ளி வழியை விட்டார்கள். ஒரு கிழவர் துவாய்களை வாளியில் நனைத்துக் கதவின் அடியில் செருகினார். பிரசாந்தினி மேலே பார்த்து ஒரு தடவைதான் கைதட்டினாள், நிலானி சறுக்கிக்கொண்டு வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். இவ்வளவு பழகியிருக்கிறார்களே என்பதுதான் பாமாவை வெளிச் சத்தத்தைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

மண்டபத்துக்குள் போகும்போது முன்பக்கக் கண்ணாடியில் ஏதோ மோதி வழிந்தது. முட்டை. அதன் பிறகு மோதியது முட்டை இல்லை. கண்ணாடி நொறுங்கி விழுகிற சத்தம் கேட்டதும் கீர்த்தன் அவள் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவள் சஞ்சயனுக்குப் போன் எடுத்தாள்.

"ஏன் அங்க போனனீர்?" என்றான் அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"தெரிஞ்சோ போனனான்?"

"பொலிசுக்குப் போன் அடியும்."

"பொலிஸ் வெளியில நிக்குது."

"நான் வாறன்," என்றான். ரோட்டை மூடிவிட்டார்கள், அவன் வர முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மண்டபத்தில் புகை மணம் முதலில் மெல்லியதாகத்தான் வந்தது, யாரோ பக்கத்து வளவில் குப்பை கொளுத்துவது போல. நிலானி இருமத் தொடங்கினாள். பிரசாந்தினி சட்டைப் பையிலிருந்து நீல இன்ஹேலர் பம்பை எடுத்து மகளின் வாயில் வைத்து அழுத்தினாள்.

செபமாலைமுத்து பாமாவிடம் குனிந்து வந்தார். "தங்கச்சி, பொலிசோட கதைச்சிட்டன். குசினிக்குப் பின்கதவால வெளியாக்களை மட்டும் விடுவினம். நீங்களும் பிள்ளையளும் வாங்கோ."

"மற்றாக்கள்?"

"இஞ்ச பதிஞ்சாக்கள் உள்ளுக்கதான் நிக்கோணுமாம். வெளிய விட்டா இன்னும் ஆபத்தாம்."

பிரசாந்தினி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பாமாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

பாமாவுக்கு உடனே விளங்கவில்லை.

"இவளுக்கு இழுப்பு அக்கா. புகை கூடினா தாங்கமாட்டாள். உங்கட பிள்ளையளோட பிள்ளையாப் போனா ஒருத்தருக்கும் தெரியாது. பின்னேரம் ரோட்டை விட்டவுடன நான் வந்து கூட்டிக்கொண்டு வாறன். எங்க நிக்கிறியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நிலானி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யதுஷா சட்டென்று, "நாங்க கூட்டிக்கொண்டு போகலாம் அம்மா," என்றாள்.

பாமாவின் வாயில் சொற்கள் ஆயத்தமாக இருந்தன. எத்தனையோ புதுப் பணியாளர்களுக்கு அவள் சொல்லிக் கொடுத்த சொற்கள். "பிரசாந்தினி, மற்றாக்களின்ர பிள்ளையை அப்பிடிக் கொண்டு போகேலாது. நான் பிள்ளைகளோட வேலை செய்யிறனான். பொலிஸ் பிடிச்சா எனக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் பிரச்சினை. உங்கட கேஸுக்குக் கூடாது. நான் வெளியில போய்ச் சொல்லுறன், பிள்ளைக்கு இழுப்பு எண்டு, அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுறன்…" ஒவ்வொரு சொல்லும் சரியான சொல். சொல்லச் சொல்ல அவள் கை மற்றவளின் பிடியிலிருந்து மெதுவாகக் கழன்றுகொண்டிருந்தது.

"ஓம் அக்கா," என்றாள் பிரசாந்தினி. "விளங்குது."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தால், ஏசியிருந்தால், பாமாவுக்கு லேசாக இருந்திருக்கும்.

குசினிக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் நின்ற முற்றத்தில் ஒரு பெண் பொலிஸ் நின்றாள். பார்க் விருந்தினர்களுக்கென்று பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டியைப் பார்த்துவிட்டு, "போங்கள், நிற்காமல் போங்கள்," என்றாள். உள்ளே ஒரு பிள்ளைக்கு மூச்சுக் கஷ்டம் என்று பாமா சொன்னாள். "தெரியும், எல்லாம் சொல்லியாகிவிட்டது," என்று அவள் தோளிலிருந்த றேடியோவைத் தட்டிக்காட்டிவிட்டுக் கதவுப் பக்கம் ஓடினாள்.

ஒழுங்கை வளைகிற இடத்தில் அந்தத் தாடிக்காரன் நின்றான். கூட இன்னும் இரண்டு ஆண்கள். போன் மறுபடியும் நிமிர்ந்தது.

"எங்கே போகிறீர்கள்?" என்றான்.

பாமா கீர்த்தனின் கையைத் தூக்கிப் பட்டியைக் காட்டினாள். "நாங்கள் விருந்தினர். ட்ரீஹவுஸில் தங்கியிருக்கிறோம். காசு கொடுத்து வந்திருக்கிறோம்." தன் குரல் உயர்ந்து போவது அவளுக்கே கேட்டது. "நாங்கள் அங்கிருந்து வரவில்லை. நாங்கள் அவர்கள் இல்லை. நான் இந்த நாட்டுக்காரி."

அவன் போனைத் தாழ்த்தினான். முகம் மலர்ந்தது. உண்மையான, நல்ல சிரிப்பு. "மன்னியுங்கள், டார்லிங். பார்த்தால் தெரியாதுதானே?" பக்கத்திலிருந்த வேலியில் ஒரு இடைவெளியைக் காட்டி, "இப்படிப் போனால் கிட்ட. ரோட்டில் பிள்ளைகள் கவனம்," என்றான்.

யதுஷா தாயின் கையை விட்டுவிட்டாள். ட்ரீஹவுஸ் வரும்வரை அவள் தனியாகவே நடந்தாள்.

பின்னேரம் ஹெலிகொப்டர் வட்டமிட்டது. மரங்களுக்கு அப்பால் புகை கறுப்பாக எழுந்து, பிறகு சாம்பல் நிறமாகி, பரந்து போனது. கீழே உணவகத்தில் பீட்சா பரிமாறினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான டிஸ்கோவையும் நிறுத்தவில்லை, மரமனிதன் வேஷம் போட்ட ஒருவன் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தான். யன்னல் பக்கம் யாராவது பார்த்தால் மேசையிலிருந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள். யதுஷா சாப்பாட்டைத் தொடவில்லை.

"நீர் செய்தது சரி," என்றான் சஞ்சயன் அறைக்குள். "சட்டம் அப்பிடித்தான். ஆற்றையோ பிள்ளையைக் கொண்டு வந்து ஏதும் நடந்திருந்தா?"

"ஓம்," என்றாள் பாமா.

"பெரிசா ஒருத்தருக்கும் காயம் இல்லையாம். நியூஸில சொல்லுறாங்கள்."

அவள் அதை நம்ப விரும்பினாள். இரவு முழுக்க அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

காலையில் மற்றவர்கள் எழும்ப முன் அவள் தனியாக நடந்து போனாள். புல்வெளியில் கதிரைகள் இல்லை. உடைந்த யன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசற்சுவர் கறுத்திருந்தது. வேலிக்குள் செபமாலைமுத்து நின்றார். அதே மஞ்சள் ஜக்கற்தான், அதன் ஒரு கை உருகிச் சுருங்கியிருந்தது.

"எல்லாரையும் விடியக் கோச் பஸ்ஸில ஏத்திப்போட்டினம் தங்கச்சி. எங்க எண்டு எங்களுக்குச் சொல்லமாட்டினம். வடக்குப் பக்கமாம்."

"பிரசாந்தினி? அந்தப் பிள்ளை?"

"அவை பஸ்ஸில போகேல்லை. புகை மண்டபத்துக்குள்ள வந்திட்டுது. பிள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலாமப் போச்சு. அம்புலன்ஸ் வந்துதான் நிண்டது, ஆனா ரோட்டில நிண்ட கூட்டம் வழி விடேல்லை. கன நேரம் போன பிறகுதான் கொண்டு போனவை. தாயும் போனவ."

"எந்த ஹொஸ்பிற்றல்?"

"கேட்டனான். சொல்லேல்லை." அவர் அவளைப் பார்த்தார். "உங்கட பிள்ளையள் சுகமே?"

அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். நேற்று வந்த வழியால் போக முடியாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

அன்று பார்க் நாள். போவோமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது கீர்த்தன் தானாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் போய் நின்றான். கொஞ்ச நேரம் போய்விட்டு வெளிக்கிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். சஞ்சயன் பைகளோடு ஒரு பெஞ்சில் உட்கார, பாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படகு ரைடின் வரிசையில் நின்றாள். வரிசை நீளம். வளைந்து வளைந்து போனது. ஒரு வளைவில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தொப்பி தெரிந்தது.

"ஹலோ! மறுபடியும் நீங்களா?" என்றான் தாடிக்காரன். "பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?"

அவனோடு புல்வெளியில் கண்ட அந்த இரண்டு சிறுமிகளும் நின்றார்கள், அவன் மகள்கள். முகத்துப் பெயின்றை முழுதாகக் கழுவியிருக்கவில்லை, காதோரம் சிவப்பு ஒட்டியிருந்தது. சின்னவள் இனிப்புப் பையைக் கீர்த்தனிடம் நீட்டினாள். அவன் ஒன்றை எடுத்தான்.

"மோசமான வேலை, நேற்று நடந்தது," என்றான் அவன். "அது நாங்கள் இல்லை. சில முட்டாள்கள். எங்கள் பக்கத்தில் குடும்பங்கள்தான், நீங்களே பார்த்தீர்கள்."

அந்த மனிதன் பொய் சொல்லவில்லை என்றே பாமாவுக்குத் தோன்றியது. அதுதான் அவள் முதுகைச் சில்லிட வைத்தது.

வரிசையின் முன்பக்கத்தில் நின்ற பணியாளன் ஆட்களை எண்ணி, "ஆறு பேர், ஒரே படகு," என்று அவர்களையும் அவனையும் சேர்த்து விரல் காட்டினான். கீர்த்தன் ஏற்கெனவே படகுக்குள். பக்கத்தில் அந்தச் சின்னவள். தாடிக்காரன் பாமாவுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்து, கையை நீட்டினான்.

யதுஷா ஏறவில்லை. "நான் இந்தாளோட வரமாட்டன்," என்றாள் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, அதையே சொன்னாள்.

பாமா குனிந்து கீர்த்தனைத் தூக்கி வெளியே எடுத்தாள். அவன் கத்தினான். முழு வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"நான் என்ன செய்தேன்?" என்றான் தாடிக்காரன். உண்மையாகவே நொந்த முகம். "உங்களுக்கு நேற்று நான் வழி காட்டினேனே."

"உள்ளே ஒரு பிள்ளை இருந்தது," என்றாள் பாமா. "உங்கள் சின்ன மகளின் வயது. அம்புலன்சுக்கு நீங்கள் வழி விடவில்லை. அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது."

ஒரு பெண் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள். "அடுத்த ஆட்களுக்கு வழி விடுங்கள், மேடம்," என்றான் பணியாளன்.

தாடிக்காரனின் முகம் மெதுவாக மூடிக்கொண்டது. அவன் கை சட்டைப் பைக்குள் போனது. படகு நகரத் தொடங்கியபோது போன் அவளை நோக்கி நிமிர்ந்திருந்தது. இருண்ட வாய்க்காலுக்குள் படகு போய் மறையும்வரை அது தாழவில்லை.

வீடு திரும்பும் வழியில், கார் நோர்த் சேர்க்குலர் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தபோது கல்யாணியிடமிருந்து போன் வந்தது. நேர்சரியின் சொந்தக்காரி, சென்னைக்காரி. நல்லவள். ஸ்பீக்கரில் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பாமா, ஒரு பேரன்ட் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்காங்க. பார்க்ல யார்கிட்டயோ நீங்க சத்தம் போடுற மாதிரி. கீழ நம்ம நேர்சரி பேரை யாரோ போட்டிருக்காங்க. அட்ரசையும் போட்டிருக்காங்க. அது நீங்கதானா?"

சஞ்சயன் கண்ணால் வேண்டாம் என்று காட்டினான்.

"ஓம் கல்யாணி," என்றாள் பாமா. "அது நான்தான்."

"நாளைக்கு வராதீங்க. ஒரு வாரம் போகட்டும். நான் உங்களை ஒண்ணும் சொல்லல, குழந்தைங்க இருக்கிற இடம், அதான்."

"ஓம்," என்றாள் பாமா. "விளங்குது."

பின்சீற்றில் கீர்த்தன் தூங்கிவிட்டான். யதுஷா போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கத்து ஹொஸ்பிற்றல் நம்பருகள் எடுத்திட்டன்," என்றாள் அவள். படகடியில் மறுத்ததைத் தவிர, நேற்றிலிருந்து தாயோடு பேசிய முதல் வார்த்தை. "முதலாவதுக்கு அடியுங்கோ."

முதலாவது இடத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் அப்பா பெயர் கேட்டார்கள், பிறந்த திகதி கேட்டார்கள். பாமாவுக்கு இரண்டும் தெரியவில்லை. மூன்றாவது இடத்தில் ஓர் ஆண்குரல் பொறுமையாகக் கேட்டது. நிலானி, ஆறு வயதளவு, புகை, ஞாயிற்றுக்கிழமை. அவன் எதையோ தட்டுகிற சத்தம் வந்தது. தட்டுவது நின்றது.

"நீங்கள் பிள்ளைக்கு என்ன உறவு?" என்று கேட்டான்.

குரல் மாறியிருந்தது, மெதுவாகியிருந்தது. சஞ்சயன் காரை இடது ஓரத்துக்கு எடுத்து நிறுத்தினான். யதுஷா முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா," என்றாள் பாமா. பிறகு அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"லைனில் இருங்கள்," என்றான் அவன். "டொக்டரைக் கூப்பிடுகிறேன்."

பாமா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.